ஃபிராக்டலை வாசலிலேயே நிறுத்தாதீர்கள்

ஓவியப் போட்டிகளில் நடுவர்களாக அமர்பவர்களுக்கும், கண்காட்சிகளுக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும்,



உங்கள் மேசைக்கு வரும் படங்களில் ஃபிராக்டல் என்று ஒரு வகை உண்டு. சுருளுக்குள் சுருள், அதன் விளிம்பில் மயிரிழை போன்ற கிளைகள், கிளையின் நுனியில் மறுபடி அதே சுருள். மனிதர் இல்லை, மரம் இல்லை, கதை இல்லை. அதைப் பார்த்ததும் உங்களில் பலர் வாயிலிருந்து வருவது, "இதைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடுமே" என்ற பேச்சுதான். அதோடு படம் ஓரங்கட்டப்படுகிறது. நன்றாக இல்லை என்று தள்ளினால் அனுப்பியவர் வாங்கிக்கொள்வார். நிறம் உறுத்துகிறது, சட்டகம் பிதுங்கி வழிகிறது என்று சொன்னால் வீட்டுக்குப் போய் யோசிப்பார். போட்டதே நீ இல்லை என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வது?

இந்த மனக்குறையைச் சொல்லத்தான் இந்த மடல். சலுகை கேட்டு அல்ல. வருகிற ஃபிராக்டல் படங்களில் பெரும்பாலானவை சுமார் ரகம்தான் என்பதை அந்தக் கலையில் ஊறியவர்களே ஒப்புக்கொள்வார்கள். சுமாரானதைத் தாராளமாகத் தள்ளுங்கள். ஆனால் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். உங்கள் சந்தேகமும் அங்கேதானே தொடங்குகிறது! ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் ஆரம்பித்து, அதை வர்க்கப்படுத்தி, எடுத்த எண்ணைக் கூட்டுங்கள். வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்தி மறுபடி அதே எண்ணைக் கூட்டுங்கள். எடுத்த எண் 1 என்றால் 1, 2, 5, 26, 677 என்று விடை எகிறிக்கொண்டே போகும். எடுத்த எண் -1 என்றால் -1, 0, -1, 0 என்று இருந்த இடத்திலேயே ஊசலாடும். ஊசலாடுகிற ரகத்துக்குக் கறுப்பு. எகிறுகிற ரகத்துக்கு, எத்தனையாவது சுற்றில் கட்டு மீறி ஓடியது என்பதைப் பொறுத்து ஒரு நிறம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த கலப்பெண் தளத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் இதையே செய்தால் கிடைப்பது மாண்டல்பிராட் கணம். ஃபிராக்டல் உலகின் மிகப் பிரபலமான உருவம் அதுதான்.

இப்போது ஒரு புள்ளியில் நிறுத்திப் பாருங்கள். அது 37ஆவது சுற்றில் ஓடிவிட்டது என்று கணக்கு சொல்கிறது. கணக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 37 என்பது மயில்கழுத்து நீலமா, துருப்பிடித்த இரும்பின் நிறமா? 37க்கும் 38க்கும் நடுவே கோடு தெரிய வேண்டுமா, ஒன்றில் ஒன்று குழைய வேண்டுமா? இவற்றில் ஒன்றைக்கூடச் சூத்திரம் முடிவு செய்வதில்லை. 1970களின் கடைசியில் ராபர்ட் புரூக்ஸ், பீட்டர் மட்டெல்ஸ்கி என்ற இரண்டு கணித அறிஞர்கள் இதே உருவத்தை வெறும் நட்சத்திரக் குறிகளால் அச்சிட்டார்கள். 1980 மார்ச் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பெனுவா மாண்டல்பிராட் பார்த்தது கறுப்பு வெள்ளையில். உருவத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளி போலச் சிதறிக் கிடந்தவற்றை நெருங்கிப் பார்த்தபோதுதான், ஒவ்வொன்றும் அதே உருவத்தின் குட்டி என்று தெரிந்தது. 1985 ஆகஸ்ட் மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அட்டையில் அது வண்ணத்தில் வந்து, வீட்டில் கணினி வைத்திருந்தவர்களையெல்லாம் பைத்தியமாக அடித்தது. மூன்றுக்கும் கணக்கு ஒன்றே. படங்கள் மூன்று.

நிறத்துக்கு முன்னால் இடம் இருக்கிறது. -0.7436, 0.1318 என்ற எண்களின் அக்கம்பக்கத்துக்கு ஃபிராக்டல்காரர்கள் வைத்த பெயர் கடல்குதிரைப் பள்ளத்தாக்கு. வால் சுருண்ட கடல்குதிரைகள் வரிசை கட்டி நிற்பது போலவே இருக்கும். அந்த எண்கள் யாருடைய சொத்தும் இல்லை. எந்த மாணவரும் அங்கே போகலாம். போன பிறகு எதைச் சட்டகத்துக்குள் வைப்பது, எத்தனை மடங்கு உள்ளே இறங்குவது, எந்தச் சுருளைப் பாதியில் வெட்டுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இறங்குவதும் அவ்வளவு லேசு இல்லை. சாதாரணக் கணினி எண்கள் 15, 16 இலக்கத்தோடு மூச்சு முட்டி நின்றுவிடும். அதற்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதிக இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டால் ஒரே படத்துக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2013இல் கே. ஐ. மார்ட்டின் என்பவர் ஒரு வழி சொன்னார். ஒரே ஒரு புள்ளியை மட்டும் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொண்டு, மற்றப் புள்ளிகளை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற சின்ன வித்தியாசமாக மட்டும் கணக்கிடலாம் என்றார். நாள்கணக்கு நிமிடக்கணக்கானது. இன்று உங்களிடம் வரும் ஆழமான ஜூம் படங்களில் பலவற்றுக்குப் பின்னால் அந்த உத்தி இருக்கிறது.

ஆனால் உண்மையான கஷ்டம் இது எதுவும் இல்லை. ஓவியர்களான உங்களுக்கு அது சட்டென்று புரியும்: ஃபிராக்டலில் எல்லா இடமும் ஒரே அளவு நுணுக்கமாக இருக்கும். மூலையிலும் அதே வேலைப்பாடு, நடுவிலும் அதே வேலைப்பாடு. கண் எங்கே போய் உட்காருவது? வெள்ளைத் தாளோடு தொடங்குபவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். ஃபிராக்டல் செய்பவருக்கு முதல் நொடியிலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது. அவர் வேலை அடக்குவது. இங்கே இருட்டாக்கி, அங்கே மங்கலாக்கி, ஒரு பகுதியை மேல் அடுக்கால் மூடி, கூச்சல் போடும் பாதிப் படத்தை வாயடைத்தால்தான் மிச்சப் பாதி பேசும்.

அதற்கான கருவிகளும் வந்துவிட்டன. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஸ்லைகர்மன் எழுதிய அல்ட்ரா ஃபிராக்டல் மென்பொருளில் ஒரே படத்தைப் பல லேயர்களாக அடுக்கலாம். ஒவ்வொரு லேயருக்கும் வேறு சூத்திரம், வேறு நிறக் கோவை, வேறு முகமூடி. நிறத்தைச் சுற்று எண்ணிக்கையை வைத்துத்தான் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தளத்தில் ஒரு சிலுவையையோ வட்டத்தையோ கண்ணி மாதிரி வைத்துவிட்டு, எண் தாவித் தாவி ஓடும்போது அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதை வைத்தும் நிறம் தரலாம். அப்போது அதே கடல்குதிரைப் பள்ளத்தாக்கில் கம்பி வேலைப்பாடு போலவும், பட்டுத் துணி மடிப்பு போலவும் உருவங்கள் கிளம்பும். பள்ளத்தாக்கு மாறவில்லை. கண்ணியை எங்கே வைத்தார் என்பதுதான் மாறியது.

ஃபிராக்டலில் இன்னொரு குடும்பமும் உண்டு. மைக்கேல் பார்ன்ஸ்லி 1988இல் வெளியிட்ட புத்தகத்தால் புகழ்பெற்ற பெரணி இலையைப் பார்த்திருப்பீர்கள். நாலே நாலு விதிகள். ஒரு புள்ளியை எடுத்து, நூற்றுக்கு 85 முறை முதல் விதிப்படி, 7 முறை இன்னொன்று, 7 முறை மற்றொன்று, ஒரே ஒரு முறை நாலாவது விதிப்படி என்று குலுக்கல் முறையில் தாவ விட்டால், தாவிய இடங்கள் சேர்ந்து அச்சு அசலான இலை ஆகிவிடும். அந்த 85 சதவீத விதிக்குள்ளே 0.04 என்று ஒரு சின்ன எண் உட்கார்ந்திருக்கிறது. இலைக்கு வளைவு தருவது அதுதான். பூஜ்யமாக்கினால் இலை விறைத்து நிற்கும். குறியை மாற்றினால் மறுபக்கம் சாயும். ஸ்காட் டிரேவ்ஸ் 1992இல் இந்தத் தாவலுக்குள் நேர்கோட்டு விதிகளோடு வளைந்து நெளியும் சார்புகளையும் புகுத்தினார். புள்ளிகள் எங்கே எவ்வளவு அடர்த்தியாக விழுகின்றன என்பதை மடக்கைக் கணக்கில் வெளிச்சமாக்கினார். புகை போல, மஸ்லின் போல, தீ நாக்கு போல உருவங்கள் வந்தன. ஃபிளேம் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1999இல் அவர் தொடங்கிய எலக்ட்ரிக் ஷீப் திட்டத்தில், உலகெங்கும் கணினித் திரையில் ஓடும் உருவங்களுக்குப் பார்ப்பவர்களே வாக்களிப்பார்கள். வாக்கு வாங்கியவை கலந்து அடுத்த தலைமுறை பிறக்கும். இதில் படைப்பாளி யார் என்று நீங்கள் கேட்டால் அது நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை எல்லா ஃபிராக்டல் மீதும் ஒட்டுமொத்தமாகத் தூக்கிப் போடுவதுதான் அநியாயம்.

கம்ப்யூட்டரே போட்டது என்ற பேச்சுக்கே திரும்பி வருவோம். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் வரிசையாக இறங்கி, எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்கின்றன. முந்தானையில் இறங்கிய அன்னப்பட்சியைப் பார்த்து இதைத் தறியே போட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் இதே இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள். 1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்சே ஒரு சின்னக் கண்காட்சி வைத்தார். கேயோர்க் நேஸ் என்ற கணித அறிஞர் நிரல் எழுதி, கருவி வரைந்த கோட்டோவியங்கள். வந்திருந்த ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். இதைச் செயற்கைக் கலை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பென்சே சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. 1971இல் பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மான்ஃபிரட் மோர் தன் கணினி வரைபடங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோதும் முணுமுணுப்பு ஓயவில்லை. புடாபெஸ்ட்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் 1968இல் கணினியைக் கையில் எடுத்தார். வெனிஸ் பினாலேயின் மையக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றது 2022இல். இடையில் 54 ஆண்டுகள். அடுத்த ஆண்டே, 99 வயதில், அவர் காலமானார். இவர்கள் யாரும் ஃபிராக்டல் செய்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு மூடப்பட்டதும் இதே கதவுதான்.

கெர்ரி மிட்செல் என்ற ஃபிராக்டல் கலைஞர் 1999இலேயே ஒரு பிரகடனம் எழுதிவிட்டார். கணினி தானே செய்துவிடுவதில்லை, குருட்டாம்போக்கில் வருவதில்லை, யார் வேண்டுமானாலும் நன்றாகச் செய்துவிட முடியாது என்பவை அதன் சாரம். கால் நூற்றாண்டு கழித்தும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்ல வேண்டிய நெருக்கடியும் இப்போது கூடியிருக்கிறது. 2022இன் நடுவில் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. நாலு வார்த்தை தட்டினால் படம். நீங்கள் பதறியது நியாயம். போட்டி விதிகளில் "கணினி உருவாக்கிய படங்கள் ஏற்கப்படமாட்டா" என்று ஒரு வரியைச் சேர்ப்பது சுலபமும்கூட. ஆனால் அந்த வரி ஃபிராக்டல் செய்பவர்களையும் சேர்த்தே வாரிக்கொண்டு போகிறது. மேலோட்டமான பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேர்எதிர். அந்தக் கருவிகள் பிறர் வரைந்த, பிறர் எடுத்த கோடிக்கணக்கான படங்களைத் தின்று பயிற்சி பெற்றவை. ஃபிராக்டல் மென்பொருள் யாருடைய படத்தையும் தின்றதில்லை. அதற்குள் இருப்பது சூத்திரம் மட்டுமே.

அதைவிட முக்கியமானது சாட்சி. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியதும் இதுதான், ஆனால் கேட்பார் இல்லை. ஒவ்வொரு ஃபிராக்டல் படத்துக்கும் பாராமீட்டர் ஃபைல் என்று ஒன்று இருக்கும். எந்தச் சூத்திரம், எந்த இடம், எத்தனை மடங்கு, எந்த லேயரில் என்ன நிறம் என்று எல்லாவற்றையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதி வைத்த சின்னக் கோப்பு. அல்ட்ரா ஃபிராக்டலில் அது வெறும் எழுத்துதான். ஒரு மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிடலாம். உங்கள் கணினியில் அதே மென்பொருளில் அதைத் திறந்தால் அதே படம் மறுபடி பிறக்கும். குலுக்கல் முறையில் உருவாகும் ஃபிளேம் படங்களில் பொடித் துகள் அளவில் வித்தியாசம் இருக்கலாம், உருவம் மாறாது. ஒரு எண்ணைத் தொட்டு மாற்றிப் பார்த்தால், அனுப்பியவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் புரிந்துவிடும். எண்ணெய் வண்ண ஓவியத்தில்கூட இவ்வளவு வெளிப்படையான சாட்சி கிடைக்காது. ஃபிராக்டல்காரர்களிடையே இந்தக் கோப்புகளைப் பகிர்வதும், மற்றவர் கோப்பை எடுத்து மாற்றிச் செய்வதும், மூலவர் பெயரைச் சொல்வதும் நெடுநாள் பழக்கம். 1988இல் பெர்ட் டைலர் தொடங்கி, பலர் கூடி வளர்த்து இலவசமாகத் தந்த ஃபிராக்டிண்ட் மென்பொருள் காலத்திலிருந்தே அப்படித்தான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதைக் கோப்பைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மறுபக்கத்தையும் பேசிவிடலாம், இல்லாவிட்டால் இது வக்கீல் நோட்டீஸ் ஆகிவிடும். ஃபிராக்டல் செய்பவர்கள் உங்கள் பொறுமையைச் சோதித்திருக்கிறார்கள். மென்பொருளைத் திறந்தவுடன் கிடைக்கும் வானவில் நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் ஒரு சுருள், பின்னால் கறுப்பு, தலைப்பில் "பிரபஞ்சம்" அல்லது "முடிவிலி" என்று அனுப்பி வைப்பவர்கள் ஏராளம். இந்தக் கலையின் சாபமே இதுதான்: அழகு ரொம்பச் சீக்கிரம் வந்துவிடுகிறது. பென்சிலைப் பிடிக்கத் தெரியாதவர் வரைந்த முகம் பார்த்தவுடன் பல்லைக் காட்டும். ஃபிராக்டலில் முதல் நாள் செய்த படமும் பளபளக்கும். பளபளப்பைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்த நடுவர் இங்கேதான் மற்ற எல்லா இடத்தையும்விட அதிகம் தேவைப்படுகிறார். அவரோ கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கணிதம் வந்து உங்களுக்காகத் தீர்ப்புச் சொல்லவும் போவதில்லை. ஜாக்சன் பொல்லாக்கின் சொட்டு ஓவியங்களில் ஃபிராக்டல் அமைப்பு இருக்கிறது என்று 1999இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் டெய்லரும் சகாக்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். எது அசல் பொல்லாக் என்று அளந்தே சொல்லிவிடலாம் என்ற பேச்சும் கிளம்பியது. 2006இல் அதே இதழில் கேத்ரின் ஜோன்ஸ்-ஸ்மித், ஹர்ஷ் மாத்தூர் இருவரும் அந்த அளவுகோல் செல்லாது என்று வாதிட்டார்கள். விளையாட்டாகக் கிறுக்கிய நட்சத்திரப் படங்களும் அதே சோதனையில் தேறிவிடும் என்பது அவர்கள் கட்சி. எது எப்படியோ, பொல்லாக்கை நீங்கள் சுவரில் மாட்டியது ஃபிராக்டல் பரிமாணத்தை அளந்து பார்த்து அல்ல. கண்ணால் பார்த்து. அதே கண்ணைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

அந்தக் கண்ணுக்கு முன்னால் படம் ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்பது இன்னொரு பிரச்சினை. 24 அங்குலத்துக்கு 36 அங்குலம் அச்சு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,200க்கு 10,800 பிக்சல், பெருக்கினால் 7 கோடியே 77 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். விளிம்பு பிசிறடிக்காமல் இருக்க ஒவ்வொரு புள்ளியையும் நாலாகப் பிரித்துக் கணக்கிட்டால் 31 கோடியைத் தாண்டும். அத்தனையும் ரெண்டர் ஆகிற வரை கணினியை இரவு முழுக்க ஓடவிட்டுக் காத்திருந்தவரிடம், 2 எம்பிக்குள் ஜேபெக் அனுப்பு என்றால் எப்படி? ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைத்தான் முதலில் கழித்துக் கட்டும். முகம் வரைந்த படத்தில் கன்னமும் வானமும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஃபிராக்டலில் நுண்ணிய வேறுபாடுதான் படமே. கழித்துக் கட்டிய பிறகு மிஞ்சுவது சேறு. அதையும் கைபேசியில், உள்ளங்கை அகலத்தில், விரலால் தள்ளிக்கொண்டே பார்த்துவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லைதான்.

உள்ளே விட்டாலும் எங்கே உட்கார வைக்கிறீர்கள்? பெரும்பாலும் அறிவியல் மூலையில். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் நடுவில் பிரேமன் பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ்-ஓட்டோ பைட்கன், பீட்டர் ரிக்டர் குழுவினரின் படங்களை கோதே நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது. 1986இல் அவர்கள் புத்தகமும் வந்தது. ஃபிராக்டலை உலகம் அறிந்ததில் அந்தப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு, நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் படத்துக்குப் பக்கத்தில் சமன்பாட்டை மாட்டும் வழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. பார்வையாளர் சமன்பாட்டைப் பார்த்து மிரண்டு, படத்தைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார். சினிமாக்காரர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததே இல்லை. போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த லோரன் கார்பென்டர் 1980இல் இரண்டு நிமிடப் படமொன்றில் ஃபிராக்டல் மலைகளைக் காட்டினார். 1982இல் வந்த ஸ்டார் டிரெக் இரண்டாம் படத்தில் ஒரு கோள் முழுக்க அந்த மலைகள் முளைத்தன. 2009இல் டேனியல் ஒயிட்டும் பால் நைலாண்டரும் மாண்டல்பிராட் கணத்துக்கு முப்பரிமாண உறவாக மாண்டல்பல்பைக் கண்டுபிடித்தார்கள். ஐந்தே ஆண்டில், பிக் ஹீரோ 6 படத்தின் கடைசியில் வரும் புழுத்துளைக்குள் அது குழந்தைகளுக்குக் காட்சியாகிவிட்டது. திரையரங்கில் யாரும் சமன்பாடு கேட்கவில்லை.

நம் ஊரில் இருந்துகொண்டு விதியால் பிறக்கும் படத்தை அந்நியம் என்று சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று 1974இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் போடும் கிருஷ்ணர் கொலுசுக் கோலம், சின்ன வடிவமே நாலு பக்கமும் மடங்கிப் பெரிதாகி, பெரிதானதே மறுபடி மடங்கி வளர்வது. அந்த வேலையைத் தொடர்ந்து, 1980களில் கனடாவில் பிரெமிஸ்லா புருசிங்கியெவிச், செடி வளர்வதை விளக்க உயிரியலாளர் லிண்டன்மேயர் உருவாக்கிய விதிகளைக் கொண்டே அந்தக் கோலத்தைத் திரையில் வரவைத்தார். ஃபிராக்டல் பற்றிய உலகப் புத்தகங்களில் நம் வாசல் கோலம் இடம்பிடித்தது அப்படித்தான். கலையை நேசிப்பவர்களான உங்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

ஆகவே கேட்பது இதைத்தான். அடுத்த போட்டி அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த "கணினி உருவாக்கிய படங்கள்" வரியை எடுத்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு என்ன விதியோ அதைத் தனியாக எழுதுங்கள். சூத்திரத்தைக் கொண்டு ஓவியரே அமைத்த படங்களுக்கு இன்னொரு வரி எழுதுங்கள். அதில் பாராமீட்டர் ஃபைல் கட்டாயம் என்று போடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பிறர் கோப்பை மாற்றிச் செய்திருந்தால் அவர் பெயரையும், சூத்திரம் எழுதியவர் பெயரையும் குறிப்பிடச் சொல்லுங்கள். முதல் சுற்றைத் திரையில் பார்த்தாலும் கடைசிச் சுற்றையாவது அச்சில், மாட்டப்போகிற அளவில் பாருங்கள். தேர்வான படத்தை நீர்வண்ணப் படங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் நடுவில் மாட்டுங்கள், சமன்பாட்டு அட்டை வேண்டாம். தள்ளினால் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். நிறம் கத்துகிறது, கண் தங்க இடமில்லை, இதே இடத்தை இதே மாதிரி நிறையப் பேர் செய்துவிட்டார்கள், எதுவானாலும் சரி.

இன்னும் ஒன்று, முடிந்தால். தேர்வுக்கு உட்காரும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். மாண்டல்பல்பர் மென்பொருள் இலவசம்தான். அதைத் திறந்து நீங்களே ஒரு படம் செய்து பாருங்கள். மினுக்கும் உருவம் ஒன்று சீக்கிரமே கிடைத்துவிடும். அதை உங்கள் பெயர் போட்டுச் சுவரில் மாட்டச் சம்மதிக்கும் நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அந்தப் படக் கட்டைப் பிரியுங்கள்.